தப்பிப்போன சோப்பு: காயவிடுவதா, உருக்குவதா, விட்டுவிடுவதா?

வீட்டில் செய்த சோப்பு சரியாக வரவில்லை என்றதும் பலரும் உடனே காய் துருவியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். துருவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சூடாக்கி, குழைந்ததும் மறுபடி அச்சில் அழுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ரீபேட்ச் என்று சோப்பு செய்பவர்கள் சொல்லும் இந்த வேலை நல்ல வழிதான். ஆனால் எல்லாத் தவறுக்கும் அது மருந்தில்லை. சில தவறுகளுக்கு அது தேவையே இல்லை. சிலவற்றை இன்னும் கெடுத்துவிடும். வேறு சிலவற்றுக்கு வெறும் உருக்கல் போதாது, கூடவே எண்ணெயோ, எண்ணெயைச் சோப்பாக்கும் காரமோ (காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு) அளந்து சேர்த்தாக வேண்டும்.

நான் முடிவெடுக்கும் வழி இதுதான்: நடந்த தவறு எது, அது எத்தனை கிராம் என்று சொல்ல முடிந்தால் அடுப்பைப் பற்றவைக்கலாம். சொல்ல முடியாவிட்டால், உருக்குவதற்கு முன் மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும். காஸ்டிக் சோடா சேர்ந்த பொருளில் கண்ணளவும் கைப்பக்குவமும் எடுபடாது.

அடுப்பு தேவைப்படாத தவறுகள்

ரீபேட்சுக்குப் போகும் சோப்பில் பெரும்பகுதி இந்த வகையில்தான் சேரும் என்பது என் எண்ணம். அதனால் இதை முதலில் பார்த்துவிடலாம்.

சோப்பின் மேலே வெள்ளையாக மாவு பூத்தாற்போல் இருக்கிறதா? அது பெரும்பாலும் சோடா சாம்பல். மேற்பரப்பில் இன்னும் வேலை முடியாமல் இருந்த காரம், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து சோடியம் கார்பனேட்டாக மாறிப் படிந்தது. ஆவி காட்டினாலோ, ஈரத் துணியால் துடைத்தாலோ, தண்ணீரில் ஒரு முறை அலசினாலோ போய்விடும். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் முதல் இரண்டு குளியலில் காணாமல் போகும். இதற்காக ஒரு முழு பேட்சை உருக்குவது வீண் வேலை.

மேலே முத்து முத்தாக வியர்த்திருந்தால், காற்றில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். சோப்பிலேயே இருக்கும் கிளிசரின் அந்த ஈரத்தை இழுக்கிறது. காற்றோட்டமான, உலர்ந்த இடத்துக்கு மாற்றினால் போதும். நடுவில் கருமையாகவும் ஓரத்தில் வெளிறியும் வட்டம் தெரிந்தால், நடுப்பகுதி மட்டும் சூடேறி ஜெல் நிலைக்குப் போயிருக்கிறது, ஓரம் போகவில்லை, அவ்வளவே. இரண்டு பகுதியும் ஒரே மாதிரிதான் நுரைக்கும். உள்ளே கண்ணாடி போன்ற கோடுகள் ஓடினாலும் இதே பதில்: பார்வைக்குத்தான் வித்தியாசம்.

மென்மையாக, விரல் பதியும்படி இருக்கிறது என்பது இன்னொரு புகார். ஆலிவ் எண்ணெய் அதிகம் போட்ட சோப்பு முதல் சில நாள் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் கொஞ்சம் கூடப் போயிருந்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் மருந்து பொறுமைதான். துருவித் தண்ணீர் சேர்த்து உருக்கினால், வெளியேற வேண்டிய தண்ணீரை மறுபடி உள்ளே அனுப்புகிறோம். எந்தக் குறையைத் தீர்க்க இறங்கினோமோ, அதையே கூட்டிவிட்டு எழுந்திருப்போம்.

காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது

காயவிடுவதா உருக்குவதா என்ற கேள்வியைத் தீர்ப்பது பெரும்பாலும் இந்த ஒரு சோதனைதான். விரலை நனைத்து, சோப்பில் தேய்த்து, வந்த நுரையை நாக்கின் நுனியில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சோப்புச் சுவை மட்டும் தெரிந்தால் சரி. பேட்டரி முனையைத் தொட்டதுபோல் சுரீரென்று இழுத்தால் உள்ளே காரம் மிச்சமிருக்கிறது. உடனே துப்பி, வாயை நன்றாகக் கொப்பளித்துவிடுங்கள். சோப்பில் வெள்ளைப் படிகமோ ஈரத் துளியோ குழியில் தேங்கித் தெரிந்தால் அந்த இடத்தை நாக்கில் வைக்கவே கூடாது. அதைப் பார்த்தபோதே பதில் கிடைத்துவிட்டது.

பிஹெச் காகிதத்தை நம்பி இந்த முடிவை எடுக்காதீர்கள். நல்ல சோப்பே 9, 10 என்றுதான் காட்டும். கொஞ்சம் காரம் மிஞ்சிய சோப்புக்கும் நல்ல சோப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நிறமாற்றத்தில் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அப்புறம், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. சரியாகக் கலக்காத பேட்சில் ஒரு மூலை சுத்தமாகவும் இன்னொரு மூலை சுடுவதாகவும் இருக்கும். நடு, ஓரம், அடி, மேல் என்று நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். அச்சில் ஊற்றிய மறுநாளே சோதித்துவிட்டுப் பயப்படவும் வேண்டாம். குளிர்ந்த முறையில், அதாவது அடுப்பில் காய்ச்சாமல், செய்த சோப்பில் வேலை முழுதாக முடிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஒரு வாரம் கழித்தும் சுரீரென்றால்தான் அது உண்மையான மிச்சம்.

கலக்காததா, அளவு தப்பியதா?

காரம் மிஞ்சிய சோப்பில் இரண்டு ரகம் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் ரீபேட்ச் பலருக்குச் சொதப்புகிறது.

முதல் ரகத்தில் அளவு எல்லாம் சரி, கலவை மட்டும் சேரவில்லை. கெட்டியான கொழுப்பு ஆறி இறுகியதை ட்ரேஸ் (எண்ணெயும் காரமும் சேர்ந்து கலவை கெட்டிப்படும் நிலை) வந்துவிட்டதாக நினைத்து ஊற்றியிருப்பார்கள். சில மணி நேரத்தில் மேலே எண்ணெயும் கீழே காரத் தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். இதற்கு ரீபேட்ச் அருமையான வழி, வேறு எதையும் சேர்க்கவும் வேண்டாம். ஒரே நிபந்தனை: அச்சில் இருந்த ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது. மேலே நின்ற எண்ணெய், அடியில் தேங்கிய தண்ணீர், சுவரில் ஒட்டியது எல்லாம் பாத்திரத்துக்குள் போக வேண்டும். அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு மிச்சத்தை மட்டும் உருக்கினால், காரத்தில் ஒரு பகுதியைக் கொட்டிவிட்டோம். சரியாக இருந்த அளவு அந்த நிமிடத்தில் தப்பிப்போகும், எவ்வளவு தப்பியது என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது ரகத்தில் அளவே தப்பு. எடை மெஷினை சைபருக்குக் கொண்டுவராமல் நிறுத்தது, ஒரு எண்ணெயை மறந்தது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டது, கணக்கில் பழைய பேட்சின் எண் நின்றுபோனது. இங்கே வெறுமனே உருக்கினால் தவறு அப்படியே இருக்கும், பேட்ச் முழுக்கச் சீராகப் பரவியிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 250 கிராம் தேங்காய் எண்ணெய், 350 கிராம் ஆலிவ் எண்ணெய், 100 கிராம் விளக்கெண்ணெய் என்று ஒரு பேட்ச். ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்கத் தேவைப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம், ஆலிவுக்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 105.8 கிராம். 5 சதவீதம் எண்ணெய் மிச்சம் நிற்கட்டும் என்று விட்டால், அதாவது சூப்பர்ஃபேட் 5 என்றால், காரம் 100.5 கிராம்.

இதில் விளக்கெண்ணெயை மறந்துவிட்டீர்கள் என்றால் இதைவிடச் சுலபமான தவறு கிடையாது. மற்ற இரண்டு எண்ணெய்க்கும் 93 கிராம் காரமே போதும், போட்டிருப்பதோ 100.5. சோப்பைத் துருவிச் சூடாக்கி, மறந்த 100 கிராமை அப்படியே சேர்த்துவிட்டால் முதலில் நினைத்த பேட்சே திரும்பக் கிடைக்கும்.

காரம் 100.5-க்குப் பதில் 120 கிராம் விழுந்துவிட்டது என்றால்தான் யோசிக்க வேண்டும். சூப்பர்ஃபேட் 5-க்குத் திரும்ப ஆலிவ் மட்டும் சேர்ப்பதானால் ஏறக்குறைய 152 கிராம் வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் என்றால் 112 கிராமே போதும். குறைவாகப் போதும் என்பதற்காகத் தேங்காய் எண்ணெயைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன். பேட்சில் அதன் பங்கு 36 சதவீதத்திலிருந்து 45-க்குப் போய்விடும். சோப்பு கெட்டியாகும், நுரை பொங்கும், தோல் வறண்டுபோகும். ஆலிவ் மட்டும் சேர்த்தால் மென்மையாக இருக்கும், காய நாளாகும். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: 120-ஐ 100.5-ஆல் வகுத்தால் 1.194. அப்படியானால் எல்லா எண்ணெயையும் 19.4 சதவீதம் கூட்டினால் போதும். தேங்காய் எண்ணெய் 48.5, ஆலிவ் 68, விளக்கெண்ணெய் 19.4, மொத்தம் 136 கிராம். சோப்பின் குணம் மாறாது, பேட்ச் மட்டும் பெரிதாகும்.

காரம் குறைந்துபோனால்? 80 கிராம்தான் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். மிச்ச எண்ணெய் 24 சதவீதத்தைத் தாண்டிவிடும். சோப்பு வழவழவென்று, பிசுக்காக, நுரை வராமல் இருக்கும். அந்த மிச்ச எண்ணெய் சீக்கிரம் சிக்கடித்தும் போகும். விடுபட்ட 20.5 கிராம் காரத்தை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரில் கரைத்து, உருகிய சோப்பில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளற வேண்டும். இதுதான் ரீபேட்ச் வகைகளில் ஆபத்து அதிகமுள்ள வேலை. சூடான சோப்பும் காரக் கரைசலும் ஒரே பாத்திரத்தில் சேர்கின்றன. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுவதுதான் முதலுதவி. வினிகரைத் தேடிப் போக வேண்டாம்.

காரம் குறைந்த சோப்பை அப்படியே விட்டுவிடலாமா என்றால், எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்தது. முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்த சோப்புக்கு 20 சதவீத சூப்பர்ஃபேட் வேண்டுமென்றே வைப்பதுதான் வழக்கம். அதில் தவறி 15-க்குப் பதில் 20 வந்துவிட்டால் அதைத் தவறு என்று எண்ணவே தேவையில்லை. சூரியகாந்தி, ஆலிவ் போன்றவை நிறைந்த சோப்பில் 24 சதவீதம் என்றால் விடக் கூடாது.

இந்தக் கணக்கில் எளிதாக விட்டுப்போகும் ஒரு விஷயம் உண்டு. திருத்தும்போது முழு பேட்சும் கையில் இருக்கிறதா? பத்துத் துண்டில் மூன்றை யாருக்காவது கொடுத்துவிட்டால், திருத்தமும் பத்தில் ஏழு பங்குதான். இதை எடையை வைத்துக் கணக்கிடாதீர்கள், துண்டுகளை எண்ணிச் செய்யுங்கள். காய்ந்த சோப்பு தண்ணீரை இழந்திருக்கும், எடை பொய் சொல்லும்.

சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விழுந்த சோப்பு தனி ரகம். அது இறுகவே இறுகாது, பசையாகவே நிற்கும். ஒரு கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு செய்யும் வேலைக்குப் பொட்டாசியம் 1.403 கிராம் வேண்டும் என்பதால், காரமும் சுமார் 29 சதவீதம் குறைந்திருக்கும். அதைக் கட்டியாக்கப் போராடுவதைவிட, விடுபட்ட அளவைப் பொட்டாசியமாகவே சேர்த்துக் காய்ச்சி, தண்ணீரில் கரைத்து நீர்ச் சோப்பாக்கிவிடுவது நல்லது. தப்பிப்போனது இன்னொரு பொருளாக நன்றாகவே வாழும்.

எத்தனை கிராம் என்று தெரியாதபோது

நாக்கில் சுரீர் என்கிறது. ஆனால் எதில் தவறினோம் என்று புரியவில்லை. எழுதிவைத்த குறிப்பும் இல்லை. இந்த நிலையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, காய்ச்சி, சோதித்து, இன்னும் கொஞ்சம் விட்டு என்று போகிறவர்கள் உண்டு. முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் எண்ணெய் முழுக்க வேலை செய்து முடிய நேரம் கொடுக்க வேண்டும், ஆறவைத்துச் சோதிக்க வேண்டும், சுரீர் நின்ற இடத்துக்கு மேல் இன்னும் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். பெரிய பேட்ச், விலை உயர்ந்த எண்ணெய் என்றால் செய்யலாம். நாலு துண்டுக்கு இந்தப் பாடு வேண்டாம்.

எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றினால் காரம் அடங்கிவிடுமே என்ற யோசனையும் அடிக்கடி காதில் விழும். அமிலம் காரத்தை அடக்கும், உண்மைதான். சிட்ரிக் அமிலம் ஒரு கிராம் ஏறக்குறைய 0.62 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைத் தின்றுவிடும். ஆனால் தேவைக்கு மேல் விழுந்தால் அது சோப்பையே உடைத்து மறுபடி கொழுப்பு அமிலமாக்கிவிடும். ஆக இதற்கும் கிராம் தெரிந்திருக்க வேண்டும். கிராம் தெரிந்தால் எண்ணெய் சேர்ப்பதே மேல், அதில் கூடுதலாகச் சோப்பாவது கிடைக்கும். எண்ணெய் கொஞ்சம் மிஞ்சினாலும் சோப்பு கெடாது.

அளவே தெரியாமல் மீட்கக்கூடிய வழி ஒன்று இருக்கிறது: உப்பிட்டுப் பிரிப்பது. துருவிய சோப்பை நிறைய தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, உப்பைச் சேர்த்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் சோப்பு திரிந்து தயிர்போல் மேலே மிதக்கும். மிச்சக் காரம், கிளிசரின், நிறம், அழுக்கு எல்லாம் கீழேயுள்ள உப்புத் தண்ணீரில் தங்கிவிடும். மேலே உள்ளதை அள்ளி, மறுபடி சுத்தத் தண்ணீரும் உப்பும் சேர்த்து இன்னொரு முறை செய்தால் இன்னும் சுத்தமாகும். பிரான்சின் மார்செய் நகரத்துச் சோப்பைப் பெரிய அண்டாக்களில் காய்ச்சி உப்புத் தண்ணீரில் கழுவியதும் இதே தத்துவத்தில்தான். காரத்தைத் தாராளமாகப் போட்டு எண்ணெய் முழுவதையும் சோப்பாக்கிவிட்டு, மிஞ்சியதைக் கழுவி எடுத்துவிடுவார்கள்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. வீட்டு அடுப்பில் நேரமும் எரிபொருளும் நிறையப் போகும். கிளிசரின் போய்விடுவதால் தோலுக்கு அந்தப் பழைய மிருது இருக்காது. கிடைக்கும் திரளை அழுத்தித் துண்டாக்குவதும் தனி வேலை. தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள சோப்பு உப்புக்கு எளிதில் அசைந்து கொடுக்காது, நிறைய உப்பு கேட்கும். கடல் தண்ணீரிலும் நுரைக்கும் சோப்பைத் தேங்காய் எண்ணெயில்தான் செய்வார்கள் என்பதை நினைத்தால் காரணம் புரியும். துணிக்கும் பாத்திரத்துக்கும் சோப்பு வேண்டும், வாசனையும் நிறமும் போனால் பரவாயில்லை என்பவர்களுக்கு இந்த வழி பொருந்தும்.

காரம் கொஞ்சம் மிஞ்சிய சோப்பைத் துருவித் துணி துவைக்க வைத்துக்கொள்ளலாம், கையுறை போட்டுக்கொள்வதாக இருந்தால். எண்ணெயே மிஞ்சிய சோப்பைத் துணிக்குப் போடாதீர்கள், துணியில் பிசுக்கு ஏறும். உள்ளே ஈரமாகக் காரம் தேங்கி நிற்கும் சோப்பை, அளவும் தெரியாத நிலையில், நான் வைத்துக்கொள்ள மாட்டேன். அதைக் கெட்டியாகப் பொதிந்து, பிள்ளைகள் கைக்கும் பிராணிகள் வாய்க்கும் எட்டாதபடி அப்புறப்படுத்திவிடுவதே நல்லது.

சிக்கடித்த சோப்பை உருக்காதீர்கள்

ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தோன்றி, பழைய எண்ணெய் வாடை வீசும் சோப்பைப் பார்த்திருப்பீர்கள். மிச்சமிருந்த எண்ணெய் காற்றுபட்டுக் கெட்டுப்போனதன் அடையாளம் அது. சூப்பர்ஃபேட் கூடிப்போனது, செய்யும்போதே எண்ணெய் பழசாக இருந்தது, இரும்போ செம்போ கொஞ்சம் கலந்தது, புழுக்கமான இடத்தில் வைத்தது என்று காரணங்கள் பல. உருக்கினால் புள்ளி மறையும், கெட்டது மறையாது. இதுவரை புள்ளியில் மட்டும் இருந்தது பேட்ச் முழுக்கக் கலந்துவிடும். வாசனைத் தைலம் ஊற்றி மூடினாலும் சில வாரத்தில் மறுபடி எட்டிப்பார்க்கும். ஒன்றிரண்டு புள்ளிதான் என்றால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சீக்கிரம் பயன்படுத்துங்கள். பரவிவிட்டால் தரை துடைக்க, துணி துவைக்கத்தான். இப்படிப்பட்ட துண்டை நல்ல பேட்சுக்குள் துருவிப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

அழகுக் குறைக்கு: உருக்கலா, புது பேட்சில் கலப்பதா?

சோப்பு நல்ல சோப்பு, காரம் சரி, வாடையும் இல்லை. நிறம் திட்டுத்திட்டாக விழுந்துவிட்டது, அல்லது வெட்டும்போது நொறுங்கிவிட்டது. இங்கே இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன. என் ஓட்டு புது பேட்சுக்குத்தான்.

ரீபேட்ச் செய்த சோப்பு எப்போதும் கொஞ்சம் கரடுமுரடாகவே இருக்கும். ஊற்றி ஆறவைக்கும் கிளிசரின் சோப்புபோல் அது உருகி ஓடாது. அதிகபட்சம் களிப் பதத்துக்கு வரும், அதை அள்ளி அச்சில் அடைக்க வேண்டும். வழுவழுப்பான மேற்பரப்பும் கூர்மையான விளிம்பும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அந்தக் கரடுமுரடு பிடித்தவர்களுக்கு அதுவே அழகு.

துருவலையோ சிறு துண்டுகளையோ புதிதாகச் செய்யும் சோப்பின் கலவையில் ட்ரேஸ் வந்ததும் கலந்துவிட்டால், வெட்டும்போது நிறம் நிறமாகப் பூத்து நிற்கும். அடுப்பு இல்லை, கூடுதல் தண்ணீர் இல்லை. பழைய சோப்பின் எடையைக் காரக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், அது ஏற்கெனவே சோப்பாகிவிட்டது. புது எண்ணெயின் எடையில் நாலில் ஒரு பங்கு வரை துருவல் சேர்த்தால் கலவை கையாள வசதியாக இருக்கும். ரொம்பக் காய்ந்த துண்டுகள் புதுச் சோப்பிலிருந்து பின்னால் விலகிவிடுவதுண்டு. அதனால் கொஞ்சம் மென்மையாக இருக்கும்போதே சேர்ப்பது நல்லது.

வாசனை போய்விட்டது என்பதற்காக மட்டும் உருக்கத் தோன்றினால், இன்னொரு முறை யோசியுங்கள். சூட்டில் புதிய வாசனையிலும் ஒரு பங்கு பறந்துவிடும்.

உருக்குவது என்று முடிவான பிறகு

சீக்கிரம் செய்யுங்கள். அச்சிலிருந்து எடுத்த சில நாளுக்குள் சோப்பில் தண்ணீர் மிச்சமிருக்கும், எளிதாகக் குழையும். மாதக்கணக்கில் காய்ந்தது எவ்வளவு காய்ச்சினாலும் இழை இழையாகவே நிற்கும். நாக்குச் சோதனைக்கு ஒரு வாரம் காத்திருக்கச் சொன்னேனே என்றால், அது காரணம் தெரியாத பேட்சுக்கு. விளக்கெண்ணெய் பாட்டில் சீல் உடைக்காமல் மேசையில் நிற்பதைப் பார்த்துவிட்ட பிறகு காத்திருக்க எதுவும் இல்லை.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது ஸ்லோ குக்கரின் பீங்கான் கிண்ணம். அலுமினியம் வேண்டவே வேண்டாம், காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். சூடாக்கும் வழிகளில் எனக்கு நம்பிக்கையானது கொதிநீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைக்கும் முறை. மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் அடிப்பிடிக்காது. ஸ்லோ குக்கர் குறைந்த சூட்டில் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், ஓரம் காய்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். மூடிய பாத்திரத்தை 75, 80 டிகிரி ஓவனில் வைப்பது பெரிய பேட்சுக்கு வசதி. மைக்ரோவேவ் வேகமானது, அதனாலேயே பொங்கிவிடும். காரம் திருத்தும் வேலைக்கு அதைத் தொடாதீர்கள். நேரடி நெருப்பு கடைசித் தேர்வு. எதுவானாலும் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில்தான் பல ரீபேட்சுகள் தோற்கின்றன. துருவல் முதலில் வறண்டு தெரியும், கை தானாகத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் போகும். புதுச் சோப்பானால் 500 கிராமுக்கு 25 கிராம் தண்ணீரில் தொடங்குங்கள். காய்ந்த சோப்பானால் 50 முதல் 75 கிராம் தெளித்து, மூடி, ஒரு இரவு ஊறவைத்துவிட்டு அப்புறம் சூடேற்றுங்கள். மூடி போட்டு அரை மணி நேரம் தொடாமல் விட்டால், வறண்டதாகத் தெரிந்த துருவல் தன் ஈரத்திலேயே இளகத் தொடங்கும். தண்ணீருக்குப் பதில் பால் சேர்க்கலாம், நிறம் பழுப்பாகும் என்பதை ஏற்றுக்கொண்டு. சோடியம் லாக்டேட் கிடைத்தால் எண்ணெயின் எடையில் 1 முதல் 3 சதவீதம் சேருங்கள். களி இளகி அச்சில் ஒழுங்காக இறங்கும், காய்ந்தபின் கெட்டியாகவும் இருக்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் செலவு செய்யலாம் என்பேன்.

பாத்திரத்திலேயே நடக்கும் தவறுகளுக்கும் பதில் உண்டு. தண்ணீர் கூடிப்போனால் மூடியைத் திறந்து வைத்துக் கொஞ்சம் வற்றவிடுங்கள். அப்படியே அச்சில் போட்டால் காயும்போது வளைந்து, சுருங்கி, நடுவில் குழி விழும். கட்டிகள் கரையாவிட்டால் கரண்டியின் பின்புறத்தால் மசியுங்கள். ஸ்டிக் பிளெண்டரை விட்டால் காற்று ஏறி நுரையாகிவிடும். எண்ணெய் சேர்த்துத் திருத்தியிருந்தால் மட்டும், தொடக்கத்தில் சில நொடி பிளெண்டர் ஓட்டுவது எண்ணெய் சேர உதவும். களி முழுக்க ஒரே மாதிரி, மெழுகு மினுமினுப்போடு, வெள்ளைத் திட்டில்லாமல் வந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து ஆறவைத்து நாக்குச் சோதனை செய்யுங்கள். இன்னும் சுரீரென்றால் முதலில் இன்னும் அரை மணி காய்ச்சுங்கள். அதன் பிறகும் நிற்காவிட்டால்தான் கணக்கைச் சந்தேகிக்க வேண்டும். நிறமும் வாசனையும் சோதனையில் தேறிய பிறகுதான், அடுப்பை அணைத்துக் களி கொஞ்சம் சூடு தணிந்ததும்.

அச்சில் போடும்போது வேகம் வேண்டும். ஆறினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கடுக்காக நிற்கும், பின்னால் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். ஒரு கரண்டி போடுவது, அச்சை மேசையில் ஓங்கித் தட்டுவது, அடுத்த கரண்டி போடுவது என்று போனால் உள்ளே காற்றுக் குழி விழாது. மேல்பக்கத்தை ஈரக் கையுறையால் தடவிச் சமன் செய்யலாம்.

காய்ச்சிய சோப்புதானே, மறுநாளே குளிக்கலாம் என்பார்கள். காரம் இல்லை என்ற அளவில் அது சரி. ஆனால் உள்ளே சேர்த்த தண்ணீர் அத்தனையும் இருக்கிறது. இப்போதே எடுத்தால் குளியலறையில் இரண்டே நாளில் கூழாகும். துண்டுகளைக் காற்றுபட இடைவெளி விட்டு அடுக்கி, ஒரு துண்டின் எடையை மட்டும் வாரம் ஒரு முறை குறித்துவாருங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் எடை குறைவது அநேகமாக நின்றுவிடும். தண்ணீர் அதிகம் போயிருந்தால் இன்னும் சில வாரம் பிடிக்கும். அதற்குள் எண்ணெயோ காரமோ திருத்திய பேட்சில் ஆரஞ்சுப் புள்ளி தலைகாட்டுகிறதா என்றும் ஒரு கண் வைத்திருங்கள்.